பேச்சிப்பாறை முதல் வாஷிங்டன் வரை: உலக வங்கித் திட்டத்தில் யாரைப் போய்க் கேட்பது?

போன மாதம் குமரி மாவட்டம் குலசேகரத்தில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பாசன சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வந்த தம்பி ஒருவன், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மனுவைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணே, பேச்சிப்பாறை அணை வேலைக்கு உலக வங்கிதானே ரூவா தந்தது? அவனுக்க ஆபீஸ் நாகர்கோவில்ல எங்க இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடம் முன்பு நான் இதைவிடப் பெரிய கூத்து அடித்தவன். சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே புதிதாகக் கட்டிய ஓடையின் மட்டம் வீட்டு வாசலைவிட உயரமாகப் போய்விட்டது. மழை பெய்தால் தண்ணீர் ஓடைக்குள் போகாமல் அடுப்படிக்குள் வரும். 63 பேரிடம் கையெழுத்து வாங்கி, ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதி, 'தலைவர், உலக வங்கி, வாஷிங்டன்' என்று விலாசம் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ஓடைக்கும் உலக வங்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பணம் வேறு இடத்திலிருந்து வந்திருந்தது. அதற்குள் ஒப்பந்தக்காரர் கடைசி பில்லையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சங்கம், ஊராட்சி, பங்குப்பேரவை (தேவாலயத்தின் ஊர்ச் சபை), பத்திரிகை என்று எந்த வழியாகவாவது இந்தத் திட்டங்களோடு முதல்முறை மல்லுக்கட்டப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் படி: பலகையைப் படியுங்கள், 'உதவி' என்ற சொல்லை நம்பாதீர்கள்

வேலை நடக்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கும். 'இன்னார் நிதி உதவியுடன்' என்று எழுதியிருப்பார்கள். உதவி என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் அது கடன்தான். வட்டி உண்டு, தவணை உண்டு. ஒப்பந்தம் போட்ட பிறகு எடுக்காமல் வைத்திருக்கும் பணத்துக்குக்கூடக் கட்டணம் உண்டு. உலக வங்கியின் வழக்கமான கடனில் அது ஆண்டுக்கு 0.25 சதவீதம். வேலை இழுத்தடித்தால் அதற்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

அடுத்தது, பெயர். நம் ஆட்களுக்கு வெளிநாட்டுப் பணம் என்றாலே 'உலக வங்கி'தான். அது அப்படியில்லை. சுனாமிக்குப் பிறகு நம் கடலோரத்துக்கு என்னென்ன வந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான மறுசீரமைப்புக்கு உலக வங்கி 2005இல் 46.5 கோடி டாலர் ஒதுக்கியது. அதே ஆண்டு ஆசிய வளர்ச்சி வங்கி தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் சேர்த்து 20 கோடி டாலர் தந்தது. அதில் பாதி கடன், பாதி மானியம். ரோமில் இருக்கும் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம் மீனவர் வாழ்வாதாரத்துக்கென்று தனியாக ஒரு திட்டம் வைத்தது; அதில் குமரி மாவட்டமும் இருந்தது. ஒரே கரை, மூன்று நிறுவனம், மூன்று தலைமையகம், மூன்று புகார் முறை. என் கடிதம் ஏன் வழி தவறியது என்று இப்போது புரியும்.

சென்னை-கன்னியாகுமரி தொழில் வழித்தடம் என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். அதற்கான மாநில நெடுஞ்சாலைகளுக்கு 2021இல் 48.4 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி. பெய்ஜிங்கில் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி இருக்கிறது. ஷாங்காயில் பிரிக்ஸ் நாடுகளின் புதிய வளர்ச்சி வங்கி. அதன் முதல் தலைவர் நம் நாட்டு கே.வி. காமத். ஜப்பானின் ஜைக்கா, ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ இரண்டும் வேறு வகை. அவை அந்தந்த நாட்டு அரசின் கைகள், பல நாடுகள் கூடி நடத்தும் வங்கிகள் அல்ல.

பலகை துருப்பிடித்து எழுத்து போயிருந்தால் துறை அலுவலகத்தில் கேளுங்கள்: "இது யாருடைய கடன்? திட்ட எண் என்ன?" இந்த இரண்டு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். உலக வங்கித் திட்டங்களின் எண் ஆங்கில 'பி' எழுத்தில் தொடங்கும். அதை ரேஷன் கார்டு எண் மாதிரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஒரு வீட்டில் ஐந்து அடுப்பு

உலக வங்கி என்றே முடிவானால், அதிலும் எது என்று பார்க்க வேண்டும். உலக வங்கிக் குழுமத்தில் ஐந்து நிறுவனங்கள் இருக்கின்றன.

மூத்தது ஐபிஆர்டி (மறுசீரமைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு வங்கி). 1944 ஜூலையில், போர் இன்னும் முடியாத நேரத்தில், அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடிப் போட்ட திட்டம். சுதந்திரம் வராத இந்தியாவும் அங்கே தனிக் குழுவாகப் போயிருந்தது. பிறகு முதல் நிதியமைச்சரான கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் அந்தக் குழுவில் இருந்தார். நாம் அப்போது திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகள். 1946இல் வங்கி வேலையைத் தொடங்கியது. 1949இல் இந்தியா வாங்கிய முதல் கடன், ரயில்வேக்கு 3.4 கோடி டாலர். நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979இல் என்பது வேறு கதை.

ஐபிஆர்டி, உறுப்பு நாடுகள் கட்டிய மூலதனத்தைப் பிணையாக வைத்து, உலகச் சந்தையில் கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். அதை அரசுகளுக்குக் கடன் கொடுக்கும். 1960இல் வந்த ஐடிஏ (பன்னாட்டு வளர்ச்சிச் சங்கம்) ஏழை நாடுகளுக்கானது. பணக்கார நாடுகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இதில் பணம் போடுகின்றன. வட்டி பேருக்குத்தான், திருப்பிக் கட்ட நீண்ட காலம் உண்டு. இந்தியா வெகுகாலம் இந்த அடுப்பில்தான் அதிகம் குளிர்காய்ந்தது. 2014இல் அந்தத் தகுதி வரம்பைத் தாண்டிவிட்டோம்.

மற்ற மூன்றில் நமக்கு முக்கியம் ஐஎஃப்சி (பன்னாட்டு நிதிக் கழகம்). 1956இல், குமரி தமிழ்நாட்டோடு இணைந்த அதே ஆண்டில் தொடங்கியது. இது தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும், பங்கு வாங்கும், அரசுகளுக்கு ஆலோசனையும் சொல்லும். மிகா முதலீட்டுக்குக் காப்பீடு தருவது. இக்சிட், முதலீட்டாளருக்கும் அரசுக்கும் வரும் வழக்கைத் தீர்ப்பது. இந்தியா அதில் உறுப்பினரே இல்லை. இந்த இரண்டையும் மறந்துவிட்டாலும் பரவாயில்லை.

பேச்சிப்பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906இல் கட்டி முடித்த அணை; கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் கல்லறையும் அங்கேதான். நூறு வயது தாண்டிய அந்த அணையைப் பலப்படுத்தும் வேலை, அணைகள் புனரமைப்பு மற்றும் மேம்பாட்டுத் திட்டத்தில் வந்தது. 'டிரிப்' என்று நீர்வளத்துறைக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு உலக வங்கி ஒதுக்கிய 35 கோடி டாலரில் சரிபாதி ஐபிஆர்டி, மறுபாதி ஐடிஏ. ஒரே அணைக்குள் இரண்டு அடுப்பின் சோறு. அடுத்த கட்டமான டிரிப் இரண்டில் உலக வங்கி 25 கோடி, பெய்ஜிங் வங்கி 25 கோடி. ஆக, 'யாருடைய பணம்' என்ற கேள்விக்கு எப்போதும் ஒரே பதில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து?

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். நானும் குதித்தேன்.

உலக வங்கி நம் ஊரில் ஓடை கட்டாது, அணை பூசாது. அது கடன் கொடுக்கும். வாங்குகிறவர் இந்திய அரசு. மாநில அரசு நேராகப் போய் வாங்க முடியாது. அரசியல் சட்டத்தின் 293ஆவது பிரிவு மாநிலங்களை இந்திய எல்லைக்குள் மட்டுமே கடன் வாங்க அனுமதிக்கிறது. அதனால் மாநிலத் துறை முதலில் திட்டம் தயாரிக்கும், மாநில நிதித்துறை பார்க்கும். பிறகு டெல்லியில் மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்குப் போகும். அந்தத் துறை சரி என்று சொல்லி வங்கியின் முன் வைத்தால்தான் வங்கி பேனாவையே எடுக்கும்.

கடைசியில் இரண்டு தாள்கள் வரும். ஒன்று, இந்திய அரசும் வங்கியும் போடும் கடன் ஒப்பந்தம். இன்னொன்று, மாநில அரசும் வங்கியும் போடும் திட்ட ஒப்பந்தம். முதல் தாளில் எவ்வளவு, எப்போது திருப்பிக் கட்டுவது என்பது இருக்கும். இரண்டாவதில் யார் வேலை செய்வது, என்னென்ன நிபந்தனைக்குக் கட்டுப்படுவது என்பது இருக்கும். மனு எழுதுகிறவருக்கு இரண்டாவது தாள்தான் பொன்.

பணம் வரும் வழியும் பலர் நினைப்பதுபோல் இல்லை. வாஷிங்டனிலிருந்து பெட்டியில் வராது. பெரும்பாலும் மாநில அரசு தன் பட்ஜெட்டிலிருந்து முதலில் செலவு செய்யும், கணக்கு காட்டும், மத்திய அரசின் வெளிநாட்டு உதவிக் கணக்குப் பிரிவு அதை வங்கிக்கு அனுப்பி, பணத்தைத் திரும்பப் பெறும். அதிலும் முழுத்தொகை வராது. டிரிப் தொடங்கியபோது மதிப்பிட்ட செலவு 2,100 கோடி ரூபாய். அதில் உலக வங்கியின் பங்கு 80 சதவீதம், மீதி நம் அரசுகளுடையது.

"உலக வங்கிக்காரன் பணத்தை அடிச்சுட்டான்" என்று டீக்கடையில் பேசுவது சுலபம். சிமெண்ட் குறைந்தது என்றால், சிமெண்ட் வாங்கியவர், அளந்தவர், பில் போட்டவர் எல்லோரும் நம் பக்கத்து ஆட்கள். முதல் கதவு எப்போதும் செயற்பொறியாளர் அலுவலகம்தான்.

நான்காம் படி: வள்ளப் பங்கும் ஆள் பங்கும்

இனி வாஷிங்டன். அங்கே யார் சொல் செல்லும் என்பதை விளக்க நம் கடற்கரையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வள்ளம் கரைக்கு வந்ததும் மீன் விற்ற காசைப் பிரிப்பார்கள். கடலுக்குப் போன எல்லோருக்கும் ஆள் பங்கு உண்டு. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று முதல் போட்டவருக்குத் தனியாகப் போகும். உலக வங்கியின் வாக்கு இந்தக் கணக்குத்தான். ஐபிஆர்டியில் 189 நாடுகள். எல்லா நாட்டுக்கும் சமமாக அடிப்படை வாக்கு உண்டு. அது ஆள் பங்கு. ஆனால் எல்லா நாடுகளின் அடிப்படை வாக்கையும் கூட்டினாலும் மொத்தத்தில் 5.55 சதவீதம்தான். மீதி முழுக்க வள்ளப் பங்கு: எத்தனை பங்கு வாங்கியிருக்கிறாயோ அத்தனை வாக்கு.

அதனால் அமெரிக்காவுக்கு 15 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்தியாவுக்கு ஏறத்தாழ 3 சதவீதம். இந்த 15 என்ற எண்ணில்தான் சூட்சுமம். வங்கியின் மூல ஒப்பந்தத்தைத் திருத்த 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்கா மட்டும் கையைத் தூக்காமல் உட்கார்ந்துவிட்டால், மீதி 188 நாடும் கூடிக் கூத்தாடினாலும் 85 வராது.

உங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. ஐ.நா. பொதுச்சபையிலும் அப்படியே. உலக வங்கி அப்படி இல்லை; கூட்டுறவு போலப் பேசும், கம்பெனி போல வாக்கெடுக்கும். இதைக் குறையாகவும் சொல்லலாம், முதல் போட்டவன் பேசத்தான் செய்வான் என்றும் சொல்லலாம். என் கட்சி முதலாவது. ஆனால் 2008க்குப் பிறகு செய்த திருத்தங்களில் வளரும் நாடுகளின் பங்கு கொஞ்சம் கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்ற வங்கிகளிலும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் மாறும். ஆசிய வளர்ச்சி வங்கியில் ஜப்பானும் அமெரிக்காவும் சமமான பெரிய பங்குக்காரர்கள்; மொத்த வாக்கில் 20 சதவீதம் ஆள் பங்காக எல்லோருக்கும் சமமாகப் போகிறது. பெய்ஜிங் வங்கியில் சீனா முதலிடம், இந்தியா இரண்டாமிடம். ஷாங்காய் வங்கியைத் தொடங்கிய ஐந்து நாடுகளும் சரிசமமாகப் பங்கு போட்டன.

ஐந்தாம் படி: ஆளுநர்கள், 25 நாற்காலி

வங்கியின் உச்சியில் இருப்பது ஆளுநர் குழு. ஒரு நாட்டுக்கு ஓர் ஆளுநர். நம் ராஜ்பவன் ஆளுநரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அந்தந்த நாட்டின் நிதியமைச்சர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். நமக்கும் அப்படியே. ஆண்டுக்கு ஒருமுறை கூடுவார்கள், இரண்டு ஆண்டு வாஷிங்டனில், மூன்றாம் ஆண்டு வேறு நாட்டில். 2023இல் மொரோக்கோவின் மராகேஷ் நகரில் கூடினார்கள். புது உறுப்பினரைச் சேர்ப்பது, மூலதனத்தைக் கூட்டுவது, ஒப்பந்தத்தைத் திருத்துவது போன்ற பெரிய விஷயங்களைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் நிர்வாக இயக்குநர்களிடம் விட்டுவிட்டார்கள்.

உண்மையான அன்றாட அதிகாரம் இந்த நிர்வாக இயக்குநர்களிடம்தான். மொத்தம் 25 பேர். வாஷிங்டனிலேயே குடியிருந்து, வாரம் இருமுறை என்ற கணக்கில் கூடி, கடன்களுக்கும் கொள்கைகளுக்கும் ஒப்புதல் தருகிறவர்கள். 189 நாட்டுக்கு 25 நாற்காலி எப்படிப் போதும்? அமெரிக்கா, ஜப்பான், சீனா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் போன்ற பெரிய பங்குக்காரர்களுக்குத் தனி நாற்காலி. மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு நாற்காலியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தேவாலயப் பங்கில் பல அன்பியங்களுக்கு, அதாவது சிறு குடும்பக் குழுக்களுக்கு, சேர்த்து ஒருவரைப் பங்குப்பேரவைக்கு அனுப்புவது மாதிரி.

நம் நாற்காலியில் இந்தியா, வங்கதேசம், பூட்டான், இலங்கை என்று நான்கு நாடுகள். அதில் உட்காருகிறவர் வழக்கமாக டெல்லியிலிருந்து போகும் மூத்த அதிகாரி. கடலில் வலை அறுபட்ட சண்டை ஒருபக்கம் நடக்கட்டும். வாஷிங்டனில் நமக்கும் இலங்கைக்கும் ஒரே வாய்தான். இதை நான் சொன்னபோது சாயாக்கடைத் தம்பி நம்பவே இல்லை.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. இந்த இயக்குநர் நாடுகளின் ஆள். சம்பளம் கொடுப்பதோ வங்கி. அவரது மேசைக்கு ஒரு கடன் வரும்போது பெரும்பாலும் எல்லாம் பேசி முடிந்திருக்கும். எண்ணி வாக்கெடுப்பது அபூர்வம். தலையாட்டி ஒத்துப்போவதே வழக்கம். பயிர் அறுவடையான பிறகு வரப்பில் நின்று விதையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஒரு திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் அது இந்த மேசைக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்பே, ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டம் போடும்போதே பேசியாக வேண்டும். அன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்டு, பிஸ்கட்டும் சாயாவும் சாப்பிட்டுவிட்டு வந்தால், 'மக்கள் கருத்து கேட்கப்பட்டது' என்று அந்தக் கையெழுத்தே சாட்சி சொல்லும். கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஆட்சேபத்தை ஒரு வரி எழுதுங்கள். அதன் படத்தைப் போனில் எடுத்து வையுங்கள்.

ஆறாம் படி: தலைவர்

இது சின்னப் படி. வங்கியின் தலைவர் 2023 ஜூன் முதல் அஜய் பங்கா, ஐந்தாண்டுப் பதவி. புனே பக்கம் பிறந்தவர் என்பதால் 'நம்ம ஆள்' என்று நம் பத்திரிகைகள் கொண்டாடின. அமெரிக்கக் குடிமகன் என்பதால்தான் அந்த நாற்காலி கிடைத்தது; தொடக்கத்திலிருந்து எல்லாத் தலைவர்களும் அமெரிக்கர்கள்தான். எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம் அவ்வளவுதான். பன்னாட்டு நாணய நிதியத்துக்கு ஐரோப்பியர், ஆசிய வளர்ச்சி வங்கிக்கு ஜப்பானியர் என்பதும் இதே மாதிரி. தலைவர் இயக்குநர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். வாக்குச் சமமாகப் பிரிந்தால் மட்டுமே அவருக்கு வாக்கு.

அவருக்குக் கீழே துணைத் தலைவர்கள், தெற்காசியாவுக்கு ஒருவர். அவருக்குக் கீழே டெல்லியில் இந்தியாவுக்கான இயக்குநர். அதற்கும் கீழே, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு குழுத் தலைவர். நீங்கள் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கடைசி ஆளைத்தான். திட்ட ஆவணத்தின் முன்பக்கத்திலேயே இருக்கும். சென்னைத் தரமணியிலும் வங்கிக்குப் பெரிய அலுவலகம் உண்டு. ஆனால் அது கணக்கு, கணினி போன்ற உள்வேலைகளுக்கானது. மனுவோடு அங்கே பஸ் ஏற வேண்டாம்.

ஏழாம் படி: காகிதத்தைக் கையில் எடுங்கள்

திட்ட எண்ணை வங்கியின் இணையதளத்தில் போட்டால் ஆவணங்கள் வரிசையாக வரும். இலவசம்தான், ஆனால் பெரும்பாலும் ஆங்கிலம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். நான் பார்ப்பது நாலுதான்.

திட்ட மதிப்பீட்டு ஆவணம்: இயக்குநர்கள் முன் வைப்பது இதைத்தான். எந்த ஊர், எவ்வளவு பணம், என்ன ஆபத்து என்று வங்கியே எழுதியிருக்கும். பின்னிணைப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சுற்றுச்சூழல், சமூகம் பற்றிய அறிக்கைகள்: நிலம் எடுப்பது, ஆட்களை மாற்றுவது, தொழில் பாதிப்பது எல்லாம் இதில் வரும். 2018 அக்டோபருக்குப் பிறகு தொடங்கிய திட்டங்களுக்குப் புதிய விதிமுறை. அதற்கு முந்தியவை பழைய விதிப்படிதான் நடக்கும். எந்த விதி என்று தெரியாமல் வாதாடினால் முதல் பந்திலேயே அவுட்.

முன்னேற்ற அறிக்கை: ஆண்டுக்கு இரண்டு முறையாவது வரும். 'திருப்தி', 'ஓரளவு திருப்தி' என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். 'ஓரளவு' என்ற சொல் வந்தால் அங்கே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, ஒப்பந்தத்தில் இருக்கும் தேதிகள். ஒப்புதல் தேதி வேறு, நடைமுறைக்கு வந்த தேதி வேறு, முடிவுத் தேதி வேறு. டிரிப் திட்டத்துக்கு இயக்குநர்கள் ஒப்புதல் கொடுத்தது 2010 ஜூனில். நடைமுறைக்கு வந்தது 2012 ஏப்ரலில். 2018இல் முடிய வேண்டியது 2021 மார்ச் வரை நீண்டது. முடிவுத் தேதி ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

இணையத்தில் கிடைக்காத அளவு புத்தகம், டெண்டர் விவரம், பில் போன்றவை மாநிலத் துறையிடம் இருக்கும். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். உலக வங்கி அந்தச் சட்டத்துக்குள் வராது, ஆனால் மாநிலத் துறை வரும்.

எட்டாம் படி: கதவைத் தட்டும் வரிசை

முதலில், திட்டத்துக்கென்று உள்ள குறைதீர் பிரிவு. எழுத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்குங்கள். அங்கே நடக்கவில்லை என்றால் வங்கியின் திட்டக் குழுத் தலைவருக்கும், வங்கியின் குறைதீர் சேவைக்கும் எழுதலாம். பெரும்பாலான விஷயம் இந்த அளவிலேயே தீர்ந்துவிடும். ஓடை மட்டம் மாதிரியான வேலைக்கு இதற்கு மேல் போகத் தேவையே இருக்காது.

அதற்கும் மேலே ஒரு கதவு இருக்கிறது. அது திறந்ததற்கு நம் நாடே காரணம். நர்மதைச் சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி கடன் கொடுத்தது. மக்கள் போராடினார்கள். வங்கி நியமித்த மோர்ஸ் குழு 1992இல் கொடுத்த அறிக்கை, வங்கி தன் விதிகளைத் தானே மீறியதைப் போட்டு உடைத்தது. 1993இல் இந்தியா மீதிக் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு, வங்கி விதியை மீறியதா என்று விசாரிக்க ஆய்வுக் குழு என்ற மூவர் அமைப்பை இயக்குநர்கள் உருவாக்கினார்கள். அந்தக் குழு தலைவருக்குக் கட்டுப்பட்டதல்ல; நேராக 25 நாற்காலிக்கு அறிக்கை கொடுக்கும்.

பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும், புகார் கொடுக்கலாம். தமிழிலேயே எழுதலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். ஆனால் வங்கி அதிகாரிகளிடம் ஏற்கெனவே முறையிட்டுப் பார்த்ததைக் காட்ட வேண்டும். அதனால்தான் முத்திரை போட்ட நகல். முன்பு கடனில் 95 சதவீதம் கொடுத்து முடிந்துவிட்டால் புகாரைத் தொடமாட்டார்கள். 2020இல் அதை மாற்றி, திட்டம் முடிந்து 15 மாதம் வரை வரலாம் என்று ஆக்கினார்கள். இதனால்தான் முடிவுத் தேதி முக்கியம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒப்பந்தக்காரர் ஏமாற்றினார் என்று இங்கே போகக் கூடாது. வங்கி தன் விதியைக் கடைப்பிடிக்கவில்லை, அதனால் எங்களுக்கு இந்தக் கேடு வந்தது என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்ட வேண்டும்.

ஐஎஃப்சி பணம் போட்ட தனியார் திட்டம் என்றால் கதவு வேறு. அதற்கென்று தனியான குறைகேள் அமைப்பு உண்டு. பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஐஎஃப்சி ஆலோசகராக இருந்ததை வைத்து அங்கே புகார்கள் போயிருக்கின்றன.

நம் கடற்கரைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று. குஜராத்தின் முந்த்ராவில் ஐஎஃப்சி 45 கோடி டாலர் கடன் கொடுத்த அனல்மின் நிலையத்தால் மீன்பாடு கெட்டது என்று அங்குள்ள மீனவர்கள் அமெரிக்க நீதிமன்றம் வரை போனார்கள். பன்னாட்டு நிறுவனம், அதன்மேல் வழக்கே போட முடியாது என்று ஐஎஃப்சி வாதாடியது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில், அப்படி முழுப் பாதுகாப்பு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனபோது, குறை சொல்லப்படும் செயல் நடந்தது இந்தியாவில், அமெரிக்காவில் இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். மீனவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் ஒரு பெயர் கிடைத்தது. நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. நீதிமன்றத்தை நம்பி மற்றக் கதவுகளை விட்டுவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சாயாக்கடைத் தம்பியின் மனுவை வாங்கிப் பார்த்தேன். மேலே 'உலக வங்கி, நாகர்கோவில்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, செயற்பொறியாளர் அலுவலக விலாசத்தை எழுதினோம். இரண்டாம் வரியில் திட்ட எண்ணுக்கு இடம் விட்டோம். திட்டம் முடிந்துவிட்டதா என்று தேதி பார்க்க வேண்டியிருந்தது. கடையில் சிக்னல் இல்லை. "சந்தை முக்குக்குப் போனா கெடைக்கும், வாங்க அண்ணே" என்று பைக்கை எடுத்தான்.